கிட்டுக்கு மாறும் முன் பேசி முடிக்க வேண்டியவை

சம்பளம் இல்லாமல் ஓடும் மென்பொருள் திட்டத்தில் ஒரு கருவியை மாற்றுவது அலுவலகத்தில் மாற்றுவதைவிடக் கடினம். அலுவலகத்தில் மேலாளர் ஒரு மின்னஞ்சல் போட்டால் திங்கட்கிழமை எல்லோரும் மாறியிருப்பார்கள். முணுமுணுப்பு டீ நேரத்தோடு தீர்ந்துவிடும். தன்னார்வலர் முணுமுணுக்கக்கூட மாட்டார். சத்தமில்லாமல் வருவதை நிறுத்திவிடுவார். ஆறு மாதம் கழித்துத்தான் அவர் இல்லை என்பதே தெரியவரும்.

அதனால் சப்வெர்ஷனிலோ, அதைவிட மோசமாக ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘இதுதான் இறுதி’ என்று ஜிப் கோப்புகளாகவோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு திறமூலத் திட்டத்தை கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள், கட்டளைகளைப் படிப்பதற்கு முன் சில விஷயங்களைப் பேசி முடித்துவிட வேண்டும். கட்டளைகளை ஒரு வார இறுதியில் கற்றுக்கொள்ளலாம். யார் சேர்ப்பது, யார் மறுப்பது, மறுத்தால் எப்படிச் சொல்வது என்பதைப் பேச அதைவிட அதிக நாள் பிடிக்கும்.

மாறப்போவது என்ன?

சிவிஎஸ், சப்வெர்ஷன் போன்ற பழைய முறைகளில் வரலாறு முழுவதும் ஒரே சேவையகத்தில் இருக்கும். ஊர்ச் சங்கத்தின் கணக்கு நோட்டு ஒன்றே ஒன்று, அதுவும் செயலாளர் வீட்டு பீரோவில் என்பது போல. எழுத உரிமை பெற்ற சிலர் எழுதலாம். மற்றவர்கள் பேட்ச் தயாரித்து அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிட் போன்ற பரவல் முறையில் குளோன் செய்த ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. யாரிடமும் கேட்காமல் தன் பிரதியில் கமிட் செய்யலாம், கிளை பிரிக்கலாம், இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் வேலை செய்யலாம். அனுமதி கேட்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சுகிறது: அந்த மாற்றத்தைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கும் இடம்.

புதிதாக வருபவருக்கு இது பெரிய விடுதலை. பராமரிப்பாளருக்கு இதுவே புதிய பாரம். முன்பு மாதத்துக்கு இரண்டு பேட்ச் வந்த இடத்தில் இப்போது இருபது வரலாம். அத்தனையையும் படித்துப் பார்க்க ஆள் வேண்டும்.

கிட் பிறந்த கதையிலும் இந்தப் பாரம் உண்டு. லினக்ஸ் கர்னல் 1991 முதல் 2002 வரை பேட்ச்சும் மின்னஞ்சலுமாகவே ஓடியது. அந்தப் பாரத்தைக் குறைக்க 2002-ல் பிட்கீப்பர் என்ற தனியுரிமைக் கருவிக்குப் போனார்கள். கட்டற்ற மென்பொருளின் முகமாக இருந்த திட்டம் ஒரு தனியுரிமைக் கருவியை நம்புவதா என்ற சண்டை மூன்று ஆண்டுகள் ஓயவில்லை. 2005 ஏப்ரலில் பிட்கீப்பர் நிறுவனம் இலவசப் பயன்பாட்டை விலக்கிக்கொண்டது. கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3 அன்று கிட்டை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7 அன்று கிட் தன் நிரலைத் தானே சேமித்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் வெளியான கர்னல் 2.6.12 கிட்டில் பராமரிக்கப்பட்டது. அதே ஏப்ரலில் அதே காரணத்துக்காக மெர்க்யூரியல் என்ற இன்னொரு பரவல் கருவியும் பிறந்தது. வெளியார் ஒருவரின் தயவில் ஓடும் கருவி, அந்தத் தயவு நின்றால் நின்றுவிடும். இன்று கிட்ஹப்பில் கணக்குத் திறக்கும்போதும் இதை நினைவில் வைக்கலாம். களஞ்சியங்களுக்கு இடம் கொடுத்துவந்த கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. மெர்க்யூரியல் களஞ்சியங்களுக்காகவே தொடங்கப்பட்ட பிட்பக்கெட், 2020-ல் மெர்க்யூரியலையே கைவிட்டது.

எதைத் தேர்வது?

இன்று இந்தக் கேள்விக்கு நீண்ட விவாதம் தேவையில்லை. கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெர்க்யூரியல் பழக எளிது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் தன்னார்வத் திட்டத்துக்கு அடுத்த ஆண்டு வரப்போகும் கல்லூரி மாணவருக்கு எது ஏற்கெனவே தெரியும் என்பதுதான் முக்கியம்.

விசுவாசத்துக்காகத் தேர்ந்தவர்கள் பட்ட பாடு நல்ல பாடம். ஈமேக்ஸ் 2009 இறுதியில் சிவிஎஸ்ஸிலிருந்து பசாருக்கு மாறியது. ஈமேக்ஸைப் போலவே பசாரும் குனு குடும்பத்துக் கருவி என்பது பெரிய காரணம். சில ஆண்டுகளில் பசாரின் வளர்ச்சியே தேய்ந்துபோனது. 2014 நவம்பரில் ஈமேக்ஸ் மறுபடி மூட்டை கட்டி கிட்டுக்கு வந்தது.

பைத்தான் செய்தது வேறு வகை. எதைத் தேர்வது என்று சண்டை போடுவதற்குப் பதிலாக, 374 எண்ணுள்ள முன்மொழிவு ஆவணத்தில் பசார், கிட், மெர்க்யூரியல் மூன்றையும் அன்றாட வேலைகளை வைத்து ஒப்பிட்டார்கள்: ஒரு பிழையைத் திருத்துவது எப்படி, பழைய பதிப்புக்கும் அதே திருத்தத்தைக் கொண்டுபோவது எப்படி என்று. 2009 மார்ச்சில் மெர்க்யூரியல் என்று முடிவானது. அப்போது விண்டோஸில் கிட் சரியாக ஓடாது என்பதும் ஒரு காரணம். முடிவெடுத்த பிறகு மாறி முடிக்க 2011 மார்ச் ஆகிவிட்டது. 2017 பிப்ரவரியில் மீண்டும் கிட்டுக்கும் கிட்ஹப்புக்கும் மாறினார்கள். முதல் முடிவு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைய தகவலுக்கு அது சரி. ஒப்பிட்ட விதத்தைத்தான் கடன் வாங்கச் சொல்கிறேன். உங்கள் திட்டத்தில் அடிக்கடி நடக்கும் ஐந்து வேலைகளை எழுதி, அவற்றை கிட்டில் செய்து காட்டுங்கள். “இப்ப நல்லாத்தானே ஓடிட்டிருக்கு, எதுக்குங்க இதெல்லாம்?” என்று கேட்கும் மூத்த பங்களிப்பாளருக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

செய்து காட்ட ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் ‘கிட் பைசெக்ட்’டைக் காட்டுங்கள். போன மாதப் பதிப்பில் சரியாக இருந்த ஒரு வசதி இன்று உடைந்திருக்கிறது. நடுவில் ஆயிரம் கமிட்கள். நல்ல கமிட் எது, கெட்ட கமிட் எது என்று சொன்னால் கிட் நடுவிலிருக்கும் ஒன்றை எடுத்துக் கொடுக்கும். நீங்கள் ஓட்டிப் பார்த்து ‘நல்லது’ அல்லது ‘கெட்டது’ என்று சொல்ல, அது மிச்சத்தைப் பாதியாக்கும். பத்துச் சோதனையில் குற்றவாளிக் கமிட் சிக்கிவிடும். வரலாறு முழுவதும் கணினியிலேயே இருப்பதால் இணையம்கூட வேண்டாம். ஒவ்வொரு கமிட்டும் சிறியதாக, தனியாக ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறார்கள் என்பதும் அப்போது தானாகப் புரியும்.

யார் ‘சரி’ சொல்வது?

கிட் என்றாலே புல் ரிக்வெஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2010 செப்டம்பரில் சிவிஎஸ்ஸிலிருந்து கிட்டுக்கு வந்தது. வேலை செய்யும் முறையை மட்டும் மாற்றவில்லை. பேட்ச்கள் இன்றும் மின்னஞ்சலில் வருகின்றன, பொதுவில் அலசப்படுகின்றன, கமிட் உரிமை பெற்ற சிலர் மட்டும் சேர்க்கிறார்கள், வரலாறு ஒரே நேர்கோட்டில் போகிறது. லினக்ஸ் கர்னலும் மின்னஞ்சல் வழியில்தான் ஓடுகிறது. உங்கள் குழுவுக்குப் பழகிய முறை எதுவோ, அதை வைத்துக்கொண்டே அடியிலிருக்கும் கருவியை மட்டும் மாற்றலாம். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றுவதுதான் ஆட்களை விரட்டும்.

ஆனால் எந்த முறையானாலும் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். சேர்க்கும் உரிமை யாரிடம்? தன் மாற்றத்தைத் தானே சேர்த்துக்கொள்ளலாமா? எத்தனை நாளில் பதில் கிடைக்கும்? பதில் வராவிட்டால் யாரைக் கேட்பது? நான்காவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முதல் பேட்ச் அனுப்பிய புதியவர் மூன்று வாரம் காத்திருந்துவிட்டுப் போய்விடுகிறார், யாரிடம் ‘ஐயா, என்னாச்சு?’ என்று கேட்பது என்று தெரியாததால்.

உரிமம் பற்றியும் இங்கேயே பேசிவிடுங்கள். எஸ்சிஓ நிறுவனம் லினக்ஸ் தொடர்பாக வழக்குத் தொடுத்த பிறகு, 2004-ல் கர்னல் குழு ஒரு எளிய ஏற்பாடு செய்தது: ‘இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு’ என்பதற்கு அடையாளமாக ஒவ்வொரு கமிட்டின் கீழும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்று ஒரு வரி. வக்கீல் வேண்டாம், படிவம் வேண்டாம். ஐடி நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் திறமூலத்துக்கு எழுதுபவர்கள் நம்மில் அதிகம். வேலை ஒப்பந்தத்தில் ‘நீங்கள் எழுதும் நிரல் அனைத்தும் நிறுவனத்துக்கே’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திடுபவர்களும் அதிகம். ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்ற அந்த ஒரு வரி அவர்களை நின்று யோசிக்க வைக்கும்.

பழைய வரலாற்றை என்ன செய்வது?

புதிதாகத் தொடங்கிவிடலாமே, பழையதைத் தூக்கிப் போடலாமே என்று ஒரு குரல் எழும். கேட்காதீர்கள். இந்த விசித்திரமான நிபந்தனை எதற்கு இங்கே இருக்கிறது என்று எட்டு ஆண்டு கழித்து ஒருவர் கேட்பார். அந்த நிபந்தனையைச் சேர்த்த கமிட்டின் குறிப்பில்தான் பதில் இருக்கும். பெர்ல் குழு 2008 டிசம்பரில் பெர்ஃபோர்ஸிலிருந்து கிட்டுக்கு மாறியபோது 1987-ன் முதல் பதிப்பு வரைக்கும் வரலாற்றைச் சேர்த்துக் கட்டினார்கள். அந்த வேலைக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். சப்வெர்ஷனாக இருந்தால் ‘கிட்-எஸ்விஎன்’ கருவி போதும்.

அதை ஓட்டும் முன் கையால் செய்ய வேண்டிய கோப்பு ஒன்று உண்டு. சப்வெர்ஷன் ஒருவரைப் பயனர்பெயரால் மட்டுமே அறியும்: ‘கேபி07’. கிட்டுக்குப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். ஆகவே வரிக்கு ஒருவராக, இடப்பக்கம் பழைய பயனர்பெயர், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் பெயரும் மின்னஞ்சலும் என்று ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். வேலை சலிப்பானது, ஆனால் தவிர்க்கவே கூடாதது. பட்டியலிலுள்ள ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து, ‘எந்தப் பெயர், எந்த மின்னஞ்சல் போடலாம்?’ என்று கேளுங்கள். பொதுவில் வெளியான பிறகு அந்த மின்னஞ்சல் எல்லோருடைய கணினிக்கும் போய்விடும், திரும்பி வராது. பல ஆண்டு முன் விலகிப்போன ஒருவருக்கு ‘உங்கள் பெயரை வரலாற்றில் சரியாகப் போட விரும்புகிறோம்’ என்று கடிதம் போவது மரியாதை. சிலர் அந்தக் கடிதத்தைப் பார்த்துத் திரும்பியும் வருவார்கள். பின்னால் பெயர் மாற்றிக்கொண்டவர்களுக்கு ‘மெயில்மேப்’ என்ற கோப்பு உதவும். வரலாற்றைத் தொடாமல் காட்டும் பெயரை மட்டும் அது மாற்றும்.

ஏன் வரலாற்றைத் தொடக் கூடாது? கிட்டில் ஒவ்வொரு கமிட்டின் அடையாளமும் அதன் உள்ளடக்கத்திலிருந்தும் அதற்கு முந்தைய கமிட்டின் அடையாளத்திலிருந்தும் கணக்கிடப்படுகிறது. பழைய ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின் வந்த அத்தனையின் அடையாளமும் மாறிவிடும். குளோன் செய்து வைத்திருப்பவர்களின் பிரதியும் உங்கள் பிரதியும் அதன் பிறகு ஒட்டாது. சுத்தம் செய்வதெல்லாம் வெளியிடும் முன்னே. யாரோ என்றோ போட்ட தரவுத்தளக் கடவுச்சொல், மறந்துபோன ஏபிஐ சாவி, வடிவமைப்பாளர் ஏற்றிய பெரிய படக் கோப்புகள், இவற்றைத் தேடி ‘ஃபில்டர்-ரெப்போ’ கொண்டு நீக்கிவிடுங்கள். கடவுச்சொல்லை நீக்கினால் மட்டும் போதாது. அதை மாற்றியே ஆக வேண்டும். பெரிய கோப்புகளைப் பொறுத்தவரை, சப்வெர்ஷனில் கடைசிப் பதிப்பு மட்டும் இறங்கும். கிட்டில் அத்தனை பதிப்பும் இறங்கும். மொபைல் டேட்டாவில் குளோன் செய்பவர் அந்த விலையைக் கொடுப்பார். 100 எம்பிக்கு மேலான கோப்பை கிட்ஹப் ஏற்கவே ஏற்காது.

இன்னொன்று. பழைய பிழைக் குறிப்புகளில் ‘ஆர்1432-ல் சரிசெய்யப்பட்டது’ என்று சப்வெர்ஷன் எண்கள் கிடக்கும். கிட்டில் அந்த எண்களுக்குப் பொருளில்லை. கிட்-எஸ்விஎன் ஒவ்வொரு கமிட் குறிப்பின் அடியிலும் பழைய எண்ணை ஒரு வரியாக விட்டுவைக்கும். அசிங்கமாக இருக்கிறது என்று அதை அழித்துவிடாதீர்கள்.

மாறும் நாள்

மாறும் நாளை முன்கூட்டியே அறிவியுங்கள். வெளியீடு நெருங்கும் மாதத்தில் வைக்காதீர்கள். அதற்கு முன் ஒரு முழு ஒத்திகை: மாற்றிப் பார்த்து, பழைய வெளியீடுகள் சிலவற்றை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்து, கோப்புக்குக் கோப்பு ஒப்பிட்டு, ஒன்றாக இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். மாறும் நாளன்று பழைய சேவையகத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். ‘கொஞ்ச நாள் இரண்டும் ஓடட்டும்’ என்ற சமரசத்துக்கு இடம் கொடுத்தால் இரண்டிலும் வேறுவேறு மாற்றங்கள் சேர்ந்து, யாராவது ஒரு சனிக்கிழமையைத் தொலைப்பார்கள்.

பிழைப் பட்டியல், ஆவணங்கள், இணையதளம் எல்லாவற்றையும் அதே நாளில் மாற்றும் ஆசையை அடக்குங்கள். பைத்தான் நிரலை 2017-ல் கிட்ஹப்புக்குக் கொண்டுபோனது. பிழைப் பட்டியலை 2022 ஏப்ரலில்தான் கொண்டுபோனது. ஐந்து ஆண்டு இடைவெளியில் பைத்தான் ஒன்றும் நின்றுவிடவில்லை.

முனையத்தைக் கண்டு மிரள்பவர்கள்

நிரல் எழுதாதவர்கள்தான் இந்த மாற்றத்தில் அதிகம் காணாமல் போவார்கள். குறிப்பாக மொழிபெயர்ப்பாளர்கள். தமிழாக்கம் செய்தவர்களுக்குப் பிஓ கோப்பு தெரிந்திருக்கும். ஒவ்வொரு சரத்துக்கும் மேலே, அது எந்த நிரல் கோப்பில் எத்தனையாவது வரியில் வருகிறது என்று ஒரு குறிப்பு இருக்கும். நிரலில் யாரோ மேலே ஒரு வரி சேர்த்தால் போதும், கீழே உள்ள வரி எண்கள் மொத்தமும் மாறும். இரண்டு சொல்லைத் திருத்திய மொழிபெயர்ப்பாளரின் கமிட்டில் நானூறு வரி மாற்றம் தெரியும். இருவர் ஒரே கோப்பைத் தொட்டால் மோதல் வெடிக்கும். தமிழில் ஒரு சரமும் மாறாமலே. பிஓ கோப்புகளைக் கையாளும் கெட்டெக்ஸ்ட் கருவிகளில் அந்த இடக் குறிப்பை எழுதாதே என்று சொல்ல வழி இருக்கிறது. அந்த ஓர் அமைப்பை மாற்றினால் பாதித் தலைவலி போய்விடும். மீதிப் பாதிக்கு வெப்லேட் மாதிரி ஒரு தளம்: மொழிபெயர்ப்பாளர் உலாவியில் தட்டச்சு செய்வார், தளம் அவர் பெயரிலேயே கிட்டில் கமிட் செய்யும். அவர் கிட் என்ற சொல்லைக் கேட்காமலே பத்து ஆண்டு பங்களிக்கலாம்.

விண்டோஸ்காரர்களுக்காக ‘கிட்-ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பில் வரி முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று முதல் நாளே எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் யாரோ ஒருவரின் எடிட்டர் முழுக் கோப்பையும் ‘மாற்றி’விடும்.

எல்லோரிடமும் பிரதி இருக்கிறதே?

‘பரவல் முறை, ஆகவே காப்புப் பிரதி தேவையில்லை’ என்பது ஆபத்தான நம்பிக்கை. 2013 மார்ச்சில் கேடிஇ திட்டத்தின் முதன்மை கிட் சேவையகத்தைப் பராமரிப்புக்காக நிறுத்தி ஓட்டியபோது கோப்பு முறைமை கெட்டிருந்தது. உலகெங்கும் இருந்த மிரர் சேவையகங்கள் விசுவாசமாக அந்தக் கேட்டையும் நகலெடுத்தன. களஞ்சியப் பட்டியலே கெட்டுப்போனதால், ‘இவை இனி இல்லை போலும்’ என்று மிரர்கள் களஞ்சியங்களை அழித்தும்விட்டன. ஏறத்தாழ 1,500 களஞ்சியங்கள். ஒரு சேவையகத்தில் மட்டும் நல்ல பிரதி தற்செயலாகத் தப்பியிருந்ததால் திட்டம் பிழைத்தது. மிரர் என்பது வேறு, காப்புப் பிரதி என்பது வேறு. தேதியிட்டு, தனியாக, எதையும் தானாக அழிக்காத இடத்தில் ஒன்று இருக்கட்டும். சிறு திட்டத்துக்கு ‘கிட் பண்டில்’ கட்டளை முழுக் களஞ்சியத்தையும் ஒரே கோப்பாக்கித் தரும். மாதம் ஒருமுறை பென்டிரைவில் போட்டுவைத்தாலே போதும்.

இன்னொரு தவறான நம்பிக்கை, கமிட்டில் இருக்கும் பெயர் உண்மையானது என்பது. அது தட்டச்சு செய்த எழுத்து மட்டுமே. யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம். 2021 மார்ச்சில் பிஎச்பியின் சொந்த கிட் சேவையகத்தில் அதன் முக்கிய நிரலாளர்களான ராஸ்மஸ் லெர்டார்ஃப், நிகிதா போபோவ் ஆகியோரின் பெயரில் இரண்டு நாசக் கமிட்கள் ஏறின, எழுத்துப்பிழைத் திருத்தம் என்ற வேடத்தில். சில மணி நேரத்தில் பிடித்துவிட்டார்கள், காரணம் கமிட்களைப் படிக்கும் பழக்கம் அங்கே இருந்தது. அதன் பிறகு சொந்தச் சேவையகத்தைக் கைவிட்டு, கிட்ஹப்பில் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள். சேர்க்கும் உரிமை உள்ள எல்லோருக்கும் அதை முதல் நாளே கட்டாயமாக்குங்கள்.

அதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. அதற்குக் கருவி இல்லை. 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் விவகாரத்தில், களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரிடம் ஒருவர் பல மாதங்கள் நல்ல பேட்ச்களாக அனுப்பி, நம்பிக்கை பெற்று, உரிமை வாங்கி, பின்கதவு வைத்தார். அதை இயக்கும் வரிகள் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்புக் கோப்பில் மட்டும் இருந்தன. ஆகவே வெளியீட்டுக் கோப்பைக் கையால் கட்டாமல் களஞ்சியத்திலிருந்து தானாகக் கட்டும்படி செய்யுங்கள். பராமரிப்பாளரைத் தனியாக விடாதீர்கள்.

வேலை தேடுபவருக்கு

இந்த மாற்ற வேலையை எடுத்துச் செய்பவருக்கு அது நல்ல அனுபவம். நேர்காணலில் ‘கிட் தெரியுமா?’ என்ற கேள்விக்கு எல்லோரும் ‘தெரியும்’ என்பார்கள். ‘பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு தன்னார்வக் குழுவை சப்வெர்ஷனிலிருந்து நகர்த்தினேன், எதிர்த்தவர்களோடு இப்படிப் பேசினேன், இதை வேண்டுமென்றே நகர்த்தாமல் விட்டேன்’ என்று சொல்பவரை அடுத்த கேள்வி தேடி வரும். தெளிவான கமிட் குறிப்பும் கண்ணியமான விவாதமும் பொதுவில் நிரந்தரமாக இருக்கும். நேர்காணல் எடுப்பவர் பார்ப்பார்.

பங்களிப்புகளின் எண்ணிக்கை மட்டும் பலிக்காது. 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் விழாவின் டி-ஷர்ட்டுக்காக ஆயிரக்கணக்கானோர் ஆவணங்களில் ஒரு சொல்லை மாற்றிப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார்கள். குப்பை அள்ளியே களைத்த பராமரிப்பாளர்களின் கோபத்தால், விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் சட்டையால் யாருக்கும் வேலை கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

மாறலாம் என்று தீர்மானித்திருந்தால், இந்த வாரம் செய்ய ஒரு வேலை. பொதுக் களஞ்சியத்தில் மாற்றங்களைச் சேர்க்கும் உரிமை யார் யாருக்கு இருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது என்றால், கிட்டைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் இரண்டாவது ஆளைத் தேடுங்கள்.